தேனீப் பெட்டி மானியம்: பெட்டி நல்லது, பூவுக்கும் காசு வேண்டும்

தோட்டக்கலைத் துறையின் 40 சதவீத மானியத்தில் பெட்டி வாங்கி ஒரு சீசன் முழுக்கப் பார்த்தாச்சு. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் ரப்பர் விளை, ஓரமெல்லாம் தென்னை.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. நன்றாகக் காய்ந்த மரம், இத்தனை மழையிலும் வளையவில்லை, தேனடை கட்டுகிற சட்டங்கள் சிக்காமல் வெளியே வருகின்றன, தாங்குகாலில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணமும் இருக்கிறது. உழவன் செயலியில் பதிவு செய்தேன், சிட்டா, ஆதார், பாஸ்புக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் பெட்டி கைக்கு வந்தது ஆனி மழையில். நம்ம ஊரில் ரப்பர் இலை உதிர்ந்து தை, மாசியில் துளிர் விடும்போதுதான் தேன் வரத்து, அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகையிலேயே கூட்டம் பெருகியிருக்க வேண்டும். மழையில் கொடுத்தால் சீனிப்பாகு ஊற்றி உயிரைப் பிடித்து வைக்கிற வேலைதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய விஷயம் மகரந்தம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலைக்காம்பு நுனியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது, அங்கே மகரந்தம் கிடையாது. புழு வளர மகரந்தம் இல்லாமல் முடியாது. ஆடியில் ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன், புழு அறைகளைச் சுற்றி மகரந்தம் அடைத்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. விளையின் மூலையில் மெஷின் போட்டு வெட்டாமல் விட்ட தொட்டாற்சிணுங்கிப் புதரில் மட்டும், மழை விட்ட காலையில் தேனீக்கள் மொய்க்கின்றன. அந்தப் புதரையும் தும்பையையும்தான் நாம் களைக்கொல்லி அடித்துக் கரித்துவிடுகிறோம். 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் வந்து இங்கே கூடுகள் கொத்துக் கொத்தாக அழிந்ததைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள், பட்டினி கிடக்கிற கூடு எந்த நோயையும் தாங்காது.

இங்கிலாந்தில் 1930-களுக்குப் பிறகு பூ நிறைந்த புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் போய்விட்டது. இப்போது அதை மீட்கவும் பராமரிக்கவும் அங்குள்ள அரசு விவசாயிக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுக்கிறது. உரத்தைக் குறைத்து, பூத்து விதை விழுந்த பிறகே புல்லை அறுக்கிறார்கள், புல்லின் வேரில் ஒட்டி அதன் வேகத்தை அடக்குகிற 'யெல்லோ ராட்டில்' என்ற பூச்செடியையும் விதைக்கிறார்கள். நமக்குப் புல்வெளி இல்லை, சரி, விளை ஓரமும் குளத்தங்கரையும் இருக்கிறதே! மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தத் தேனீக்கு மழைக்காலத்தில் தீனி வேண்டாமா? எனக்குக் கிடைத்த தொகுப்பில் பெட்டி, கூட்டம், கருவி எல்லாம் இருந்தன, பூவுக்கு ஒரு பைசா இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். விண்ணப்பிக்கிறவர்கள் பெட்டியைப் புரட்டாசிக் கடைசியில் தரச்சொல்லி எழுதியே கேளுங்கள், அதற்குள் ஓரத்தில் இரண்டு சென்டையாவது மருந்து படாமல் விட்டு வையுங்கள். பூவுக்கென்று சென்ட் கணக்கில் ஏதாவது தருவதாகத் துறை சொன்னால், ஓடைக் கரையில் எனக்கிருக்கிற பத்து சென்டை நாளைக்கே எழுதித் தருவேன்.