பாதித் தானியங்கி கெல்டால் செட்: சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்துக்கு ஒத்துவருமா?

கெல்டால் முறையில் உணவின் நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவோம். மாதிரியை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைக்கும் எட்டுக் குழாய் டைஜெஷன் பிளாக், அதில் காரம் சேர்த்து அம்மோனியாவை வடித்தெடுக்கும் நீராவி டிஸ்டிலேஷன் கருவி. இந்த இரண்டும் சேர்ந்த செட், உணவில் புரதம் பார்க்கும் சிறிய ஆய்வுக்கூடத்துக்குத் தாராளமாகப் போதும். தண்ணீரையும் காரத்தையும் கருவியே ஊற்றிவிடும், பியூரெட் வேலை (வடிந்த அம்மோனியாவை அமிலம் சொட்டி அளப்பது) மட்டும் நம்முடையது. ஆனால் குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீரை நம்பி வடிவமைத்த கருவி இது. சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துச் சுற்றவிடும் கருவி) இல்லாமல் இங்கே வாங்காதீர்கள்.

டைஜெஷன் பிளாக்கில் பெரிய குறை இல்லை. 1 கிராமுக்கு மிகாத மாதிரி, 3.5 கிராம் பொட்டாசியம் சல்பேட்டும் 0.4 கிராம் காப்பர் சல்பேட்டும் உள்ள மாத்திரை இரண்டு, 12 மி.லி. அடர் கந்தக அமிலம், 420 டிகிரி: ஒரு மணி நேரத்தில் திரவம் தெளிந்து பச்சையாகிவிடும். முறுக்கு, வறுத்த நெத்திலி மாதிரி எண்ணெய்ப் பண்டங்கள் நுரைத்துப் பொங்கும். அவற்றைக் குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் புகை அடங்கியதும் புகை உறிஞ்சியின் வேகத்தைக் குறையுங்கள். அப்படியே விட்டால் அமிலம் போய், உப்பு கெட்டித்து, நைட்ரஜனும் தப்பிவிடும்.

சிக்கல் டிஸ்டிலேஷனில்தான். இங்கே குழாய்த் தண்ணீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகவே வரும். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் திணறி, வடிநீர் சூடாகவே விழும். 4 சதவீத போரிக் அமிலம் 25 மி.லி. வைத்திருந்தாலும், சூடேறினால் அம்மோனியாவை முழுதாகப் பிடித்து வைக்காது. குடுவையைத் தொட்டால் சுடுகிறதென்றால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில்லர் வைத்தால் தண்ணீர்க் கட்டணமும் மிச்சம். பிளாக்கையும் நீராவிக் கலனையும் மட்டும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருக வேண்டாம், 13 ஆம்பியர் தாங்காது.

40 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. இறங்கியதும் குழாயில் இருப்பது கருமையாக மாற வேண்டும். வெளிர் நீலமாகவே நின்றால் காரம் போதவில்லை. பம்ப் அளவைச் சரிபாருங்கள். வடிகுழாயின் நுனி போரிக் அமிலத்துக்குள் மூழ்கியிருக்கட்டும்.

ரப்பர் அடைப்பான்தான் இந்த ரகத்தின் பலவீனம். காரமும் நீராவியும் பட்டுப்பட்டு இறுகி, கண்ணுக்குத் தெரியாமல் கசியும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உலர்த்திய அம்மோனியம் சல்பேட் 0.1500 கிராமை டைஜெஷன் இல்லாமல் நேரே வடியுங்கள். அதில் நைட்ரஜன் 21.20 சதவீதம் என்பதால் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 22.70 மி.லி. செலவாக வேண்டும். 22.47க்குக் கீழே போனால் மீட்பு (வைத்த நைட்ரஜனில் திரும்பக் கிடைத்த பங்கு) 99 சதவீதம்கூட இல்லை, அடைப்பானை மாற்றுங்கள். இது சரியாக வந்து, டைஜெஷனோடு சேர்த்துச் சோதிக்கும் டிரிப்டோஃபான் (நைட்ரஜன் அளவு தெரிந்த அமினோ அமிலம்) மட்டும் குறைந்தால் பழி பிளாக்கின் மீது. மாறாக பிளாங்க் (மாதிரி இல்லாமல் செய்யும் சோதனையின் அளவு) எகிறினால், தெறிப்புத் தடுப்பானைத் தாண்டிக் காரம் வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கு எளிது. துவரம்பருப்பு மாவு 0.8020 கிராம், பியூரெட் அளவு 20.35, பிளாங்க் 0.15, அமிலம் 0.1002 நார்மல் என்றால், 1.4007 × 20.20 × 0.1002 ÷ 0.8020 = 3.535 சதவீத நைட்ரஜன். நைட்ரஜனைப் புரதமாக மாற்றும் காரணி 6.25ஆல் பெருக்கினால் புரதம் 22.1 சதவீதம். பிளாங்க்கைக் கழிக்க மறந்தால் 0.16 கூடிவிடும். உடன் வரும் கணக்குத் தாள் எல்லாவற்றுக்கும் 6.25 போடுகிறது, இது எரிச்சல். பால் மாவுக்கு 6.38, கோதுமை மாவுக்கு 5.70 என்று நாமே மாற்ற வேண்டும். பியூரெட்டின் இறுதிப் புள்ளியில், போரிக் அமிலத்தில் கலந்த நிறங்காட்டியின் பச்சை மங்கிச் சாம்பலாகி, ஒரே துளியில் இளஞ்சிவப்பாகும். பிளாங்க்கை எந்தச் சாயலில் நிறுத்தினீர்களோ, மாதிரியையும் அங்கேயே நிறுத்துங்கள்.

புரதமல்லாத நைட்ரஜனை இந்த முறை பிரித்துக் காட்டாது. 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான். ஆர்டர் கொடுக்கும்போதே அடைப்பான் நான்கைந்து சேர்த்து வாங்குங்கள். செம்பு கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்ற முடியாது, உரிமம் பெற்ற நச்சுக் கழிவுச் சேகரிப்பாளரின் கட்டணத்தையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.