வாவிக்கரையில் ஒரு வருடக் களப்பயிற்சி: எனக்கு எப்படி இருந்தது?

"பூமரம் நடவா மனே இத்தனை வருசம் படிக்கிறாய்?" என்று மாமா கேட்டார். நான் படிப்பது நிலத்தோற்றக் கட்டடக்கலை: கட்டடத்துக்கு வெளியே நிலம், தண்ணீர், செடி, நடைபாதை எல்லாம் எப்படி அமைய வேண்டும் என்று திட்டமிடுவது. பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பலருக்கு மாமா கேட்டது போலத்தான் படுகிறது. படிப்புக்கு இடையில் ஒரு வருடம் வெளியே வேலை செய்ய வேண்டும் என்று வந்தபோது, கொழும்புக்குப் போகாமல் மட்டக்களப்பிலேயே ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். பெப்ரவரி முதல் ஜனவரி வரை. ஒரு கோடை, ஒரு மாரி.

முதல் மூன்று மாதமும் அளப்பதுதான். வெயிலில் நாடா பிடிப்பது, மட்டம் பார்ப்பது, மாலையில் வந்து ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுவது. சலிப்பான வேலை, ஆனால் கை பழகியது அதில்தான். கருவி எதுவும் இல்லாத நாளில் மேசன் ஐயா பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்தே மட்டம் குறித்துவிடுவார். ஐயாவின் குறியை எங்கள் கருவியால் சரிபார்த்தேன், பிழை இல்லை.

பெரிய வேலை கல்லடிப் பக்கம், வாவியோரம் ஒரு விருந்தினர் விடுதி முற்றம். புல்லும் இக்சோராவும் என்று நான்தான் வரைந்தேன். ஜூலையில் கச்சான் காற்று சுட்டெரித்தது, கிணற்றுத் தண்ணீரும் உவர்க்கத் தொடங்கியது. இக்சோரா இலைகளின் நுனி முதலில் பழுப்பானது, பிறகு ஓரம், பிறகு முழு இலை. கன்று விற்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ரோட்டில தானா நிக்கிற மரம் என்னெண்டு பாத்தீங்களா?" என்றார். பூவரசு, வேம்பு, தாழை. மணலில் அடம்பன் கொடி. கணினியில் தாவரப் பட்டியல் தயாரித்த நான் வீதியைப் பார்த்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை முற்றத்துச் சரிவில். 60க்கு 1 என்று வைத்தேன். ஆறு மீற்றர் அகலத்துக்கு 10 சென்ரிமீற்றர் இறக்கம். கணக்கு சரி. இன்டர்லொக் கல் பதிக்கும்போதே மேசன் ஐயா கேட்டார்: "மனே, தண்ணி வாவிக்குப் போகுது, சரி. வாவி நிரம்பினா எங்க போகும்?" நான் சிரித்துவிட்டு வரைபடத்தைக் காட்டினேன்.

நவம்பர் கடைசியில் விடை வந்தது. நாலு நாள் அடைமழை. வாவி ஏறி வடிகாலின் வாயை மூடிவிட்டது. என் அழகான சரிவில் தண்ணீர் கீழே போவதற்குப் பதிலாக அதே வடிகால் வழியாக மேலே வந்து, கணுக்கால் அளவுக்கு முற்றத்தில் நின்றது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிட்ட பிறகுதான் வாவி இறங்கியது, முற்றமும் காய்ந்தது. எங்கள் வரைபடம் காணி எல்லையோடு நின்றிருந்தது. வாவியின் மாரிக்கால உயரம் அதில் எங்கேயும் இல்லை. பிறகு வடிகாலின் வாயை உயர்த்தி, முற்றத்தின் ஒரு மூலையைத் தாழ்த்தி, தண்ணீர் தங்கி மெதுவாக மணலுக்குள் இறங்க இடம் விட்டோம். ஜனவரி மழைக்குத் தாங்கியது. பெருவெள்ளத்துக்குத் தாங்குமா என்பது இன்னும் பார்க்காத விஷயம்.

குறைகளும் உண்டு. கொடுப்பனவு இரண்டு முறை தாமதம், பெற்றோல் சொந்தக் காசு. வரைபடங்களைத் திருத்தித் தர அலுவலகத்தில் ஆளுக்கு நேரமில்லை. பல வாரம் என் பிழையை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முப்பரிமாணப் படங்களில் கை தேற நினைப்பவருக்கு இந்த வருடம் ஏமாற்றம்தான். நான் மொத்தமாகச் செய்தது நாலோ ஐந்தோ.

மறுபடி கேட்டாலும் இதையே எடுப்பேன். ஒன்று மட்டும்: மார்ச்சில் தொடங்கி செப்டெம்பரில் முடிகிற ஆறு மாத வாய்ப்பு கிடைத்தால், திகதியை மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். ஒக்டோபருக்கு முன் கிளம்பினால், வரைந்தது வேலை செய்கிறதா என்று தெரியாமலே போய்விடுவீர்கள்.