முன்னோட்டப் படத்தை நம்பி எழுத்துரு வாங்காதீர்கள்

இணையத்தில் எழுத்துரு விற்கும் ஒருவர் காசை வாங்கிக்கொண்டு என் தலையில் குப்பையைக் கட்டியிருக்கிறார். அடுத்தவர் மாட்டாமல் இருக்க இந்தப் பதிவு.

பழைய விளம்பரங்களின் சாயலில், தடித்த, குறும்பான செரிஃப் (கோடுகளின் முனைகளில் சிறு நீட்சி உள்ள) எழுத்துரு என்று போட்டிருந்தார்கள். முன்னோட்டப் படங்கள் அபாரம். எழுத்துகளின் வால்கள் சுழித்துக்கொண்டு பக்கத்து எழுத்தின் அடியில் நுழைந்திருந்தன. ஒரு சுவரொட்டித் தலைப்புக்குப் பொருத்தமாக இருந்ததால் வணிக உரிமத்துடன் வாங்கினேன்.

நிறுவி, தலைப்பை அடித்ததுமே சாயம் வெளுத்துவிட்டது. சுழித்த வால் ஒன்றுகூட இல்லை. மாற்று வடிவங்கள் (ஒரே எழுத்துக்கு வேறு தோற்றங்கள்) என்று அவர்கள் பட்டியலிட்டவை கோப்புக்குள்ளேயே கிடையாது. படத்துக்காக மட்டும் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். கெர்னிங்கும், அதாவது எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதற்கேற்ப இடைவெளியைச் சரிசெய்வதும், செய்யவில்லை. ஆங்கில 'ஏ'வும் 'வி'யும் அடுத்தடுத்து வந்தால் நடுவில் இன்னொரு எழுத்து உட்காரும் அளவுக்கு இடைவெளி. சின்ன அளவில் இது கண்ணுக்குத் தப்பலாம், தலைப்பில் தப்பாது.

எழுத்துரு மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்தேன். இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று, ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்த 'கூப்பர் பிளாக்' எழுத்துரு, 1922இல் வந்தது. அதன் ஆங்கில 'ஓ'வில் உள்வெளி (எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம்) சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். அவ்வளவு தடிமனிலும் அது மொத்தையாகத் தெரியாததற்கு இப்படிப்பட்ட கைவேலைதான் காரணம். எனக்கு வந்த கோப்பிலோ யாரும் எதையும் வரையவே இல்லை. ஏதோ மெல்லிய எழுத்துருவை எடுத்து எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு வீங்க வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சிறிய 'ஈ'யின் உள்வெளி கிட்டத்தட்ட அடைந்தே போயிருந்தது.

அதைவிடக் கொடுமை பெயர் அட்டவணை. பதிப்புரிமை, உரிம விவரங்களை எழுத்துருக் கோப்பில் பதிந்து வைக்கும் பகுதி அது. அதில் வேறொருவரின் பதிப்புரிமை வரியும் 'எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் 1.1' என்ற குறிப்பும் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தன! அந்த உரிமத்தில் வரும் எழுத்துருவை யாரும் இலவசமாக எடுத்து வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கத்தான் கூடாது. மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அப்படியானால் எனக்கு விற்ற 'வணிக உரிமம்' எதற்கு? (பழைய வடிவங்களைப் புதிதாக வரைந்து விற்பவர்களைச் சொல்லவில்லை. அது உழைப்பு.)

விற்பனையாளருக்கு எழுதினேன். "உங்கள் மென்பொருளில் ஓப்பன்டைப் வசதியை இயக்குங்கள்" என்று பதில் வந்தது. கோப்பில் இருக்கும் மாற்று வடிவங்களை வரவழைக்கும் வசதி அது. இல்லாததை எப்படி இயக்குவது? பெயர் அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியதும், டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். பிறகு பேச்சே இல்லை. கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. இதற்கிடையில் அதே கோப்பு வேறு பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது.

வாங்கும் முன், விற்பனைப் பக்கத்தில் நாமே அடித்துப் பார்க்கும் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் காட்டும் சொல்லை விட்டுவிட்டு உங்கள் தலைப்பையே அதில் அடியுங்கள். பெட்டி இல்லையென்றால் சோதனைக் கோப்பு கேளுங்கள், தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படி வாங்கியவர்கள், மேக் கணினி இருந்தால் அதிலுள்ள ஃபாண்ட் புக் செயலியில் அந்த எழுத்துருவின் தகவல் பகுதியைத் திறந்து பதிப்புரிமை வரியைப் படியுங்கள். விற்றவர் பெயருக்குப் பதில் வேறு பெயர் இருந்தால், பணம் செலுத்திய நிறுவனத்திடம் முறையிட அதையே சான்றாகக் கொடுக்கலாம்.