ஷாட்கன் ஸ்டாக்கைப் பொருத்த: ஷிம் தகடா, ஏறி இறங்கும் கன்னமேடா?

சிறு குண்டுகளைக் கூட்டமாகச் சுடும் ஷாட்கன்னில் பொதுவாகப் பின்குறி (கண்ணுக்கு அருகில் இருக்கும் குறிபார்க்கும் பகுதி) கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் ஸ்டாக்கில் (தோளில் ஊன்றும் பின்கட்டையில்) தவறான உயரத்தில் பதிந்தால் எவ்வளவு பழகினாலும் குண்டுகள் மேலேயோ கீழேயோதான் போகும்.

பல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் பெட்டியோடே ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகள் வரும். ரிசீவருக்கும் (இயங்கும் பாகங்கள் உள்ள நடு உடல்) ஸ்டாக்குக்கும் நடுவில் ஒன்றை மாற்றிச் செருகினால் ஸ்டாக் முழுவதுமே ஏறும், இறங்கும், அல்லது இடம் வலமாகச் சாயும். செலவில்லை, மரத்தை வெட்டவும் வேண்டாம். ஆனால் கன்னத்தோடு தோளில் பதியும் இடமும் நகர்ந்துவிடும். நடுவளவும் கிடைக்காது, இருக்கிற தகடுகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏறி இறங்கும் கன்னமேட்டில் கன்னம் படும் பகுதி மட்டும் நகரும், தோள் பதிவு அப்படியே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் குறைக்கலாம். கண்ணுக்கு இது சின்ன அளவு, இலக்கில் அப்படியில்லை: 16 கஜத்தில் 1/16 அங்குல உயர்வு குண்டுக்கூட்டத்தை ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே தள்ளும். மர ஸ்டாக்கில் இதைப் பொருத்த அறுத்துத் துளையிட வேண்டும், எடையும் கொஞ்சம் கூடும்.

என் யோசனை, முதலில் ஷிம். தோளில் சரியாக உட்கார்ந்தும் கண் மட்டும் ரிப்புக்குக் (குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டை) கீழே போனால் கன்னமேடுதான் சரி. எதைத் தொடுவதற்கு முன்னும் துப்பாக்கி காலியா என்று பாருங்கள், அப்புறம் இன்னொரு முறையும் பாருங்கள்.