ஜிப்ஸிக்கு ‘ஹைட்ராலிக் லிஃப்டர்’ மாற்றியதாக பில் வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் ஒரு 2004 மாடல் மாருதி ஜிப்ஸிக்கு ஓசூர் ரோடு பக்கத்து ஷெட் ஒன்று போட்ட பில்லைப் பற்றியது இந்தப் பதிவு. வண்டி உள்ளே போனபோது புகார் இரண்டுதான். சில்க் போர்டு நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பைப் பார்த்து ஏறுகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் மேல்பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி வெளியே வந்தது. பில்லில் இருந்தவை: ஹைட்ராலிக் லிஃப்டர் 16, ஹெட் கேஸ்கட், ஹெட் ஃபேஸிங், ரேடியேட்டர் சர்வீஸ், 20டபிள்யூ-50 ஆயில், லேபர். மொத்தம் 47,000 ரூபாய்க்கு மேல். மூன்றாவது வாரம் அதே சில்க் போர்டில் முள் அதே இடத்துக்கு ஏறியது. சத்தமும் திரும்பிவிட்டது.

ஷெட்டின் பெயர் இங்கே இல்லை. இதே பில் வேறு பெயர்ப் பலகைக்குக் கீழேயும் வரும் என்பதால், அதன் வரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

முதல் வரியிலேயே பொய் இருக்கிறது. ஹைட்ராலிக் லிஃப்டர் (அட்ஜஸ்டர் என்றும் சொல்வார்கள்) என்பது ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் உதிரி. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜினில் அது கிடையவே கிடையாது. மேலே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதன்மேல் ராக்கர் ஆர்ம்கள். ராக்கரின் முனையில் ஒரு ஸ்க்ரூ, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு லாக் நட். ஸ்க்ரூவைத் திருப்பித்தான் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைக்கிறார்கள். நம் ஆட்கள் ‘டேப்பெட் அட்ஜஸ்ட்’ என்று சொல்வது இதைத்தான். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு புது வால்வு கவர் கேஸ்கட் இருந்தால் அரை நாளில் முடிகிற வேலை.

பழைய லிஃப்டர்களைக் கேட்டபோது ஷெட்டில் ஒரு தட்டு நிறைய உருளை வடிவ உதிரிகளைக் காட்டினார்கள். ஏதோ ஒரு டீசல் வண்டியிலிருந்து கழற்றியவை அவை. ஜிப்ஸியின் ஹெட்டில் அவற்றை வைக்க இடமே இல்லை. வால்வு கவரைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்க்ரூவும் நட்டும் கண்ணில் பட்டால் அங்கே லிஃப்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளும் உண்டு. ஸ்கார்பியோவின் எம்-ஹாக் டீசல் ஓர் உதாரணம். அங்கேயும் சத்தம் வந்த உடனே செட்டை மாற்றச் சொன்னால் சந்தேகப்படுங்கள். அட்ஜஸ்டருக்கு உயிர் ஆயில் அழுத்தம்தான். ஆயில் அளவு குறைந்தாலோ, பழையதாகி நீர்த்துப்போனாலோ, ஃபில்டருக்குள் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு கெட்டாலோ அது உள்ளே நிரம்பாமல் தட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் சில நொடி தட்டிவிட்டு அடங்கினால் அது கோளாறே இல்லை. அடங்காவிட்டால் முதலில் சரியான ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட வேண்டும். அதன்பிறகு பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் அழுத்தம் பார்க்க வேண்டும். 1,000 ஆர்.பி.எம்.முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அழுத்தம் அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் கோளாறு கீழே, பம்ப்பிலோ பேரிங்கிலோ. மேலே எத்தனை புது அட்ஜஸ்டர் போட்டாலும் தட்டத்தான் செய்யும்.

ஜிப்ஸிக்கு வருவோம். டேப்பெட் சத்தம் கிராங்கின் வேகத்தில் பாதி வேகத்தில் வரும். லேசான, கூர்மையான தட்டல். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் எந்த சிலிண்டர் என்றே தெரியும். ஆனால் டேப்பெட் என்று தவறாக நினைக்க வைக்கும் சத்தம் ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் லீக். அது குளிர்ந்த இன்ஜினில் அதிகமாகக் கேட்கும். சூடாகி இரும்பு விரிந்ததும் குறையும். டேப்பெட் இதற்கு நேர்மாறு. அலுமினிய ஹெட் சூட்டில் விரிவதால் இடைவெளி கூடும், ஆயிலும் நீர்க்கும், சத்தமும் ஏறும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நுரை கிளம்பினால் டேப்பெட்டைத் தொட வேண்டாம்.

கனெக்டிங் ராட் பேரிங் தட்டுகிறதோ என்று பயமிருந்தால், இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் பிளக்காகக் கழற்றிப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் எரிபொருளை நிறுத்தியதும் சத்தம் அமுங்கினால் அது கீழ்பக்கத்துக் கோளாறு. டேப்பெட் சத்தம் இதற்கு மாறாது.

டேப்பெட் வைப்பது குளிர்ந்த இன்ஜினில்தான். இன்டேக்குக்கு 0.13 முதல் 0.17 மி.மீ.; எக்ஸாஸ்ட் அளவை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே வைக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தமே வராத டேப்பெட் நல்ல டேப்பெட் ஆகாது. வாடிக்கையாளர் திருப்திக்காக ஸ்க்ரூவை அழுத்தி இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரம் எரிந்துவிடும். அதன்பிறகு உண்மையாகவே ஹெட் இறக்க வேண்டி வரும். இன்னொன்று: ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் அந்தக் குழிக்கு மேலே பாலம்போல் நிற்கும். கேஜ் சரியாகக் காட்டும், ஆனால் தட்டல் நிற்காது. அப்போது மாற்ற வேண்டியது அந்த ராக்கரை மட்டும்.

பில்லில் இருந்த 20டபிள்யூ-50 என்ற தடித்த ஆயிலின் வேலையும் இங்கேதான். தடித்த ஆயில் தட்டலைச் சில நாள் அமுக்கி வைக்கும். டெலிவரி அன்று இன்ஜின் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அதுவே.

அடுத்தது ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு. அது கெட்டுக் கசிந்தால் ‘அடித்துவிட்டது’ என்பார்கள். ‘சார், கேஸ்கட் அடிச்சிருக்கு, ஹெட் இறக்கியே ஆகணும்’ என்று சொல்ல ஷெட் காட்டிய ஆதாரம் இரண்டு. ஒன்று, ஆயில் மூடியின் அடியில் படிந்த வெளிர் நுரை. பெங்களூர் மழைக்காலத்தில், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் குளிர்ந்து இப்படிப் படிவது சகஜம். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலும் காபி நிறத்துக்கு மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டாவது ஆதாரம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது. நான்கு சிலிண்டருக்கும் வந்த அளவு 178, 176, 180, 177 பி.எஸ்.ஐ. ‘200 வரணும், எல்லாமே கம்மி’ என்றார்கள்.

அந்த எண்களில் கேஸ்கட் அடித்ததற்கான ஆதாரமே இல்லை. இந்த இன்ஜின் குடும்பத்துக்குப் புதிதில் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, அதாவது ஏறத்தாழ 199 பி.எஸ்.ஐ.; குறைந்தபட்சம் 12 கிலோ, ஏறத்தாழ 170. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவுக்குள், 14 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். இங்கே வித்தியாசம் வெறும் 4. தவிர, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவு என்பதால் கேஜும் குறைத்தே காட்டும். கேஸ்கட் அடித்திருந்தால் ஒரு சிலிண்டரோ, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களோ பெரும்பாலும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கியிருக்கும்.

கேஸ்கட்டைச் சந்தேகிக்க நியாயமான அறிகுறிகள் வேறு. வெளியே எங்கும் சொட்டாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது. முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில், சூடு ஏறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வருவது. இவற்றில் ஒன்று இருந்தால் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயில் உள்ள நீல நிறத் திரவம், எரிந்த வாயு கலந்தால் பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாக மாறும். உங்கள் கண்ணெதிரே மாறினால்தான் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க வேண்டும்.

ஃபேஸிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவுவது, இதைவிடப் பெரிய அநியாயம், ஏனென்றால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் இலை எங்கேயும் நுழையவில்லை என்றால் சீவ வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஜிப்ஸியில் அளந்ததற்கு ஒரு குறிப்பும் இல்லை. நேராக மெஷினுக்குப் போய்விட்டது. சீவச் சீவ கம்ப்ரஷன் ஏறும். கேம்ஷாஃப்ட் கிராங்கை நெருங்குவதால் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். அடுத்த முறை உண்மையிலேயே ஹெட் வளைந்தால் சீவ மிச்சம் இருக்காது.

சரி, வண்டி ஏன் சூடானது? எப்போது சூடாகிறது என்று கேட்டிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும். நெரிசலில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில்: ஃபேன், ஃபேன் கிளட்ச் (சூடானதும் ஃபேனைப் பிடித்து வேகமாகச் சுழற்றுவது), ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு), அல்லது முன்னால் அடைத்திருக்கும் சேறு. மாறாக, நைஸ் ரோட்டில் 80-இல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகிறது. ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்துக்குள் ஏறினால் தெர்மோஸ்டாட்டோ (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) ஏர் லாக்கோ (உள்ளே சிக்கிய காற்று). இந்த ஜிப்ஸி நெரிசலில் மட்டுமே சூடானது.

வேறு மெக்கானிக் ஒருவர் அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்களைக் கண்டுபிடித்தார். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுட் இல்லவே இல்லை. ஷ்ரவுட் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் சுற்றியுள்ள சூடான காற்றையே சுழற்றும். விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் செத்திருந்தது. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் தள்ளினால் தடுப்புணர்வு இருக்க வேண்டும். இது பம்பரமாகச் சுற்றியது, நடுவில் சிலிகான் ஆயில் கசிந்த கறையும் இருந்தது. மூன்றாவது, தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருந்தார்கள். ‘நம்ம ஊருக்கு இது வேணாம் சார்’ என்று அந்த ஷெட் சொன்னதாம். அது இல்லாத இன்ஜின் ஓடும்போது அளவுக்கு மேல் குளிர்ந்தே கிடக்கும், ஈ.சி.யூ. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். நெரிசல் சூட்டையும் அது தடுக்காது, ஏனென்றால் அங்கே குறைவது காற்று.

‘ரேடியேட்டர் சர்வீஸ்’ என்று பில் போட்டவர்கள் உள்ளே ஊற்றியது போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உள்ள உப்புதான் குழாய்களில் படிந்து அடுத்த அடைப்பை உண்டாக்கும். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள்: ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. பெங்களூர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், 0.9 என்று பொறித்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 117 டிகிரி வரை தாங்கும். விலை குறைந்த உதிரியில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தருவது இந்த மூடிதான். ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது மூடியில் பொறித்திருக்கும் எண் பழையதோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஷ்ரவுட், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், கூலன்ட், டேப்பெட் அட்ஜஸ்ட். இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஷெட் வாங்கிய தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை.

பணத்தை மீட்க: ஜி.எஸ்.டி. எண் உள்ள பில், வால்வு கவர் திறந்த போட்டோ, வேறு மெக்கானிக்கின் எழுத்துபூர்வக் குறிப்பு, இந்த மூன்றையும் வைத்து முதலில் ஷெட்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கால வரம்பு 2 ஆண்டு.

ஏற்கெனவே இப்படி ஒரு ஷெட்டில் வேலை பார்த்த ஜிப்ஸி உங்களிடம் இருந்தால், நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால் உள்ளே அது இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.