மனோரஞ்சிதம் வாங்கப் போகிறீர்களா? முதலில் கொக்கியைப் பாருங்கள்

அம்மா பிறந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு மனோரஞ்சிதம் இருந்தது. பாதி செடி, பாதி கொடி. மதிலைப் பிடித்து ஏறி நின்றது. பூ இலையின் பச்சையிலேயே மறைந்திருக்கும், கண்ணுக்கு அகப்படாது. அது மஞ்சளாக மாறத் தொடங்கியதும் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி மணக்கும். எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்பார்கள். ஒரு பூவைப் பறித்துத் துணிப்பெட்டியில் போட்டால் புடவையெல்லாம் மணக்கும். அந்த வீடு கைமாறியபோது செடியையும் வெட்டிவிட்டார்கள். 74 வயதில் அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்தச் செடி ஒன்றைத்தான்.

பக்கத்து நர்சரிகளில் கிடைக்கவில்லை. இணையத்தில் செடி விற்பவர் ஒருவரிடம் 2021-ல் இரண்டு கன்றுகள் வாங்கினேன், 1,300 ரூபாய். 'ஒட்டுச்செடி, ஆறே மாதத்தில் பூக்கும்' என்றார். வந்த கன்றுகளின் தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பே இல்லை. கேட்டேன். 'மண்ணுக்குள் இருக்கிறது சார்' என்றார். நம்பினேன்.

ஒன்று பத்து மாதத்தில் பூத்தது. சுருண்டு சுருண்டு ஏகப்பட்ட இதழ்கள். படம் அனுப்பினேன். 'இது அடுக்கு மனோரஞ்சிதம், இன்னும் உசத்தி' என்று பதில் வந்தது. மற்றது கொடியாகவே போகவில்லை. நெட்டுக்குத்தாக மரமாக வளர்ந்து மூன்றாம் வருடம் பூத்தது. நீளமான, ஒல்லியான, தொங்கும் மஞ்சள் இதழ்கள். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "வாசனையாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லடா" என்றாள்.

மரமாக வளர்ந்தது இலாங் இலாங், அதாவது கனங்கா ஓடோரேட்டா. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து மரம். அதன் பூவிலிருந்துதான் அத்தர்களில் சேர்க்கும் எண்ணெய் எடுக்கிறார்கள். முதலில் பூத்தது அதன் குட்டை வகை. இரண்டுமே நல்ல செடிகள்தான், அவற்றின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் கேட்டது ஆர்டாபோட்ரிஸ் ஹெக்ஸாபெட்டலஸ், தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த நம் செடி. எல்லாமே சீதாப்பழக் குடும்பம் என்பதால் கன்றாக இருக்கும்போது பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு அது போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் போகட்டும். அம்மாவின் மூன்று வருடத்தை யாரிடம் கேட்பது?

அசலுக்கு அடையாளம் கொக்கி. மனோரஞ்சிதத்தின் பூக்காம்பே தூண்டில் முள் போல வளைந்திருக்கும். பூ உதிர்ந்த பிறகும் அந்தக் கொக்கி கெட்டியாகிக் கிளையிலேயே நிற்கும். அதை மாட்டிக்கொண்டுதான் செடி மேலே ஏறுகிறது. இலாங் இலாங்கில் இது கிடையாது. மனோரஞ்சிதத்தின் இதழ்கள் தடித்தவை, மூன்று மூன்றாக இரண்டு வரிசை, மொத்தம் ஆறுதான். இலை கரும்பச்சையாக, பளபளப்பாக, விறைப்பாக இருக்கும். இலாங் இலாங் இலை அதைவிட மெல்லியது, ஓரம் அலையலையாக இருக்கும். விதைக் கன்றில் கொக்கியைப் பார்க்க முடியாது, பூக்கவும் பல வருடம் ஆகும். அதனால் பூத்த தாய்ச்செடியை நேரில் பார்த்து, அதிலிருந்து எடுத்த பதியன்தான் வேண்டும் என்று கேளுங்கள்.

எனக்குக் கடைசியில் கிடைத்ததும் அப்படித்தான். உறவுக்காரர் வீட்டுச் செடியில், ஐப்பசி மழையில் தாழ்ந்த கிளை ஒன்றில் விரற்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, மண்ணில் அமுக்கி, மேலே ஒரு செங்கல் வைத்தோம். மண் காயாமல் பார்த்துக்கொண்டோம். வேர் நன்றாகப் பிடித்த பிறகே வெட்டினோம். தொட்டியில் வைக்காமல் தரையில், மதிலை ஒட்டி நட்டிருக்கிறேன். போன மாதம் முதல் கொக்கி வந்தது. அம்மா தினமும் காலையில் போய்த் தொட்டுப் பார்க்கிறாள்.

அந்த விற்பனையாளர் இப்போது வேறு பெயரில், அதே படத்தைப் போட்டு விற்கிறார். அந்தப் படத்தில் பூவுக்கு மேலே கொக்கி தெளிவாகவே தெரிகிறது. பணம் அனுப்புமுன் அந்தக் கொக்கியைக் காட்டி, இதே செடியின் பதியன்தானா என்று கேளுங்கள். தாய்ச்செடியை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.