பைத்தான் 2, பைத்தான் 3: திருமங்கலத்தில் சொல்லிக்கொடுத்த அனுபவம்

பல வருஷமாக என் வேலை பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில்தான். சாயந்தரம் திருமங்கலத்தில் பிளஸ் டூ, காலேஜ் பசங்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அருமையான மொழி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களைப் பாதி நேரம் அழவைப்பது லாஜிக் இல்லை, வெர்ஷன்.

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில், பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். நடுவில் பதினோரு வருஷம் இரண்டும் சேர்ந்தே ஓடியதால் அந்தக் காலத்துப் புத்தகங்களும் ஜெராக்ஸ் நோட்டுகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அதைப் பார்த்து அப்படியே 3-இல் அடித்தால் முதல் வரியிலேயே எரர்.

திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட்டில் வரும் பிரச்சினை சின்னது, அடைப்புக்குறி விட்டுப்போச்சு என்று 3-ஏ சொல்லிவிடும். நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ரா_இன்புட் இப்போது கிடையாது, வெறும் இன்புட்தான். அது எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகவே தரும் என்பதால் எண் வேண்டுமென்றால் இன்ட் போட்டு மாற்றிக்கொள்ளணும்.

எனக்குக் கவலை எரரே வராத இடம்தான். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு பொண்ணு 77, 82, 80 என்று மூன்று மார்க்கைக் கூட்டி மூன்றால் வகுத்து சராசரி எடுத்தாள். வீட்டு லேப்டாப்பில் 79.66 என்று நீளமாக வருகிறது, காலேஜ் லேபில் வெறும் 79. அங்கே உபுண்டு என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பழைய வெர்ஷன், பைத்தான் என்று தட்டினால் 2.7 ஓடும், அது முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிடும். இது தெரியாமல், சரியாக இருந்த புரோகிராமை ராத்திரி முழுக்க அழித்து அழித்து எழுதியிருக்கிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை!

நமக்கு 3 செய்த பெரிய உபகாரம் தமிழ்தான். 2-இல் ‘மதுரை’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் 15 என்று பைட் கணக்குச் சொல்லும், 3-இல் 5 வரும் (துணைக்குறிகளைத் தனியாக எண்ணுவதால், நாம் எண்ணுகிற மாதிரி மூன்று எழுத்து என்று வராது). மாறிக்கே (வேரியபிள்) மதிப்பெண் என்று தமிழில் பெயர் வைக்கலாம்.

அதனால் 2-ஐ இனிமேல் யாரும் படிக்க வேண்டாம். லேபில் பழைய உபுண்டுதான் என்றால் பைத்தான்3 என்று தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் உள்ளேயே இருக்கும். எரர் வந்தால் புரோகிராமைத் தொடுவதற்கு முன்னால் பைத்தான் பக்கத்தில் --வெர்ஷன் போட்டு எந்த நம்பர் வருகிறது என்று பாருங்கள், அப்புறம் புத்தகம் எந்த வருஷத்தது என்று அதன் முதல் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள்.